இருபத்தொன்றாவது தட்டு

உட்கார் கண்ணு, தாராளமாக உட்கார். காலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள். பயப்படாதே, பாம்பு இல்லை. ஒயர். கண்டக்டர்கூட முதலில் ஓரடி பின்னால் போனார். அப்புறம் தைரியம் வந்து, லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார். "மடியிலதானே வெச்சிருக்கேன், கைக்குழந்தைக்கு டிக்கெட் போடுவீங்களா?" என்று கேட்டேன். "அஞ்சு வயசுக்கு மேலன்னா போடுவோம்" என்றார். "இதுக்கு நாலு நாள்தான் ஆகுது" என்று பில்லை எடுத்துக் காட்டினேன். அடுத்த சீட்டுக்கு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

அந்த பில்லைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அதில்தான் விஷயமே இருக்கிறது.

நீயாக எதுவும் கேட்க மாட்டாய் போலிருக்கிறது. பார்த்தாலே தெரிகிறது, கூச்சப்படுகிற பெண். புத்தகத்தை மூடி வைத்துவிடு, ஓடுகிற பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும். திருச்சி போய்ச் சேர எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். நானே சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் யாரையும் குறை சொல்கிற ஆள் இல்லை.

இன்றைக்கு என் பெண் சுபாஷிணிக்கு வளைகாப்பு. புதுக்கோட்டையில், அவள் மாமியார் வீட்டில். காலையில் நல்லபடியாக முடிந்தது. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். அவளும் அவள் அப்பாவும் மற்றவர்களும் காரில் கிளம்பிவிட்டார்கள். காரில் எனக்கு இடம் இருந்தது. இந்த ஒயருக்குத்தான் இல்லை. டிக்கியில் பாத்திரங்களுக்கு அடியில் திணித்துவிடலாம் என்றார் எங்கள் வீட்டுக்காரர். செம்புக் கம்பியை அப்படி நசுக்கலாமா? உள்ளே முறிந்தால் வெளியே தெரியவா செய்யும்? "நான் பஸ்ல வரேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கோபம் என் சம்பந்தி ராஜாமணிமேல்தான். ஒயர்மேல் என்ன கோபம்?

ராஜாமணி யார் என்றால், சுபாஷிணியின் மாமியார். ரிட்டயர்டான கணக்கு டீச்சர். நல்லவள்தான். ஆனால் அவள் போட்ட கணக்கு தப்பு என்று அவளிடம் யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சுபாஷிணி போன் செய்தாள். ரகசியமாக, கொல்லையில் நின்றுகொண்டு. "அம்மா, இங்க வாஷிங் மெஷினத் தொட்டா சுர்ருங்குதும்மா."

"எவ்வளவு சுர்ரு?"

"முழங்கை வரைக்கும்."

ஐந்து மாதக் கர்ப்பிணி. உடனே சொன்னேன், "ரப்பர் செருப்பு போட்டுக்கோடி. நம்ம வீட்ல பிரிட்ஜுக்குப் போட்டுக்கற மாதிரி."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஒழுங்கு உண்டு. பிரிட்ஜ் பக்கத்திலேயே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் பிரிட்ஜைத் திறப்போம். விருந்தாளிகளுக்குத் தனியாக ஒரு ஜோடி, நீல வார் வைத்தது, ஆறாம் நம்பர். யாருக்கும் குறை வைக்கக் கூடாது பார். பிரிட்ஜ், மிக்ஸி, இரண்டு போன் சார்ஜர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓடுகிறது. அதில் ஒரு பின் உடைந்துபோனதால் ஒயரை நேராகச் சொருகி, ஆடாமல் இருக்கத் தீக்குச்சி வைத்திருக்கிறேன். பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு நாள்கூட அந்தத் தீக்குச்சி பற்றிக்கொண்டதில்லை. மாதம் ஒரு தடவை புதுக் குச்சி மாற்றிவிடுவேன். பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறதே.

ஏன் கண்ணு அப்படிப் பார்க்கிறாய்? உங்கள் வீட்டில் பிரிட்ஜுக்கு என்ன செருப்பு?

சரி, விடு. சுபாஷிணி போனில், "அம்மா, பிரிட்ஜுக்கெல்லாம் எல்லார் வீட்லயும் செருப்பு போட மாட்டாங்கம்மா. கல்யாணம் ஆகி இங்க வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது" என்றாள். புகுந்த வீட்டுப் பழக்கம் அதற்குள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாம்பழம் கொடுக்கிற சாக்கில் புதுக்கோட்டைக்குப் போய் அந்த ஒயரைப் பார்த்தேன். கண்ணு, என்னத்தைச் சொல்ல. கூடத்து பிளக்கிலிருந்து கிளம்பி, ஜன்னல் வழியாக வெளியேறி, துணி காயப்போடும் கொடியோடு சேர்ந்து நடந்து, கொல்லையில் இருக்கிற வாஷிங் மெஷினுக்கு வருகிறது. நம் சுண்டுவிரல்கூட இல்லை, அவ்வளவு மெல்லிசு. நடுவில் இரண்டு இடத்தில் முறுக்கி ஒட்டுப் போட்டிருக்கிறது. ஒட்டுக்கு மேலே என்ன சுற்றியிருந்தது தெரியுமா? காயத்துக்குப் போடுவோமே, அந்த பிளாஸ்திரி.

இப்படியும் ஒரு குடும்பம் அஜாக்கிரதையாக இருக்குமா?

"ஒயர் பழசா இருக்கே சம்பந்தி" என்று மெதுவாக ஆரம்பித்தேன். "இருபது வருஷமா இருக்கு, ஒரு கம்ப்ளெயிண்ட் கிடையாது" என்றாள் ராஜாமணி. அதற்கு மேல் என்ன பேச முடியும்? நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன். அந்த வார்த்தையோடு அங்கே குடியிருக்கப்போவது என் பெண். மாப்பிள்ளையிடம் சொல்லலாம் என்றால், அவருக்கு பல்பு மாட்டவே அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சரி, நல்ல ஒயராக நாமே வாங்கிக் கொடுத்துவிடுவோம், எப்படிக் கொடுப்பது என்று அப்புறம் யோசிப்போம் என்று கடைவீதிக்குப் போனேன். ஹபீப் பாய் கடை. மூன்று முறை போனேன். சுபாஷிணியின் கல்யாணப் புடவைக்கே இரண்டு முறைதான் போனேன்.

"எக்ஸ்டென்ஷனுக்கு ஒயர் வேணும் பாய். நல்லதா காட்டுங்க."

"எதுக்கும்மா?"

"சம்பந்தி வீட்டுக்கு."

"அது சரிம்மா. எந்த மெஷினுக்கு?"

வாஷிங் மெஷினுக்கு என்றேன். ஒரு சுருளை எடுத்து மேஜைமேல் போட்டார். மூன்று கோர், இரண்டரை ஸ்கொயர் என்றார். உள்ளே மூன்று கம்பி, ஒவ்வொன்றும் இரண்டரை கனம். நான் தடவிப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் காட்டுவதை வாங்கிவிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"வேற காட்டுங்க."

"வேறன்னா?"

"வேற டிசைன்ல."

"ஒயர்ல டிசைன் கிடையாதும்மா. எல்லாமே உருண்டையாத்தான் இருக்கும்."

அலமாரியில் பளபளப்பாக ஒன்று தொங்கியது. அதை எடுக்கச் சொன்னேன். "அது ரெண்டு கோர். டேபிள் ஃபேனுக்கு ஆகும். இதுல வாஷிங் மெஷின் ஓட்டினா ஒயரே இஸ்திரிப்பெட்டி ஆயிடும்" என்றார். தடிமனான ஒயரையே வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கடைக்குள் டியூப்லைட்டில் எல்லா நிறமும் நன்றாகத்தான் தெரியும். கருப்பு. வளைகாப்பு நேரத்தில் கருப்பா? "உள்ள சிவப்பும் பச்சையும் இருக்கே பாய், அத வெளிய வெச்சுக் கருப்ப உள்ள வெச்சிருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் ஒன்று தேடிக் கொண்டுவந்தார்.

"இது சாயம் போகுமா?"

"துவைக்கப் போறீங்களா?"

ஆனால் நல்ல மனுஷர். நான் அடுத்த தெருவில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று ஒரு துண்டு ஒயரைக் கொண்டுபோய்க் காட்டினேன். கோபப்படவில்லை. "சுரண்டிப் பாருங்க" என்றார். நான் ஹேர்பின்னை எடுத்துச் சுரண்டினேன். மேலே செம்பு, உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. ஜரிகையைச் சுரண்டிப் பார்த்து வாங்குகிறவள் நான், என்னையே ஏமாற்றப் பார்த்திருக்கிறான். பாய் ஒயரில் சுரண்டச் சுரண்டச் சிவப்புதான் வந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஒயர் மேலேயே வரிசையாக அச்சடித்திருந்தது, புடவை முந்தியில் நெசவாளி பேர் போடுவது போல.

பச்சைக் கம்பியைப் பற்றியும் அவர்தான் சொன்னார். "இது எர்த். இது தினமும் வேலை செய்யாதும்மா, சும்மாதான் இருக்கும். மெஷின்ல கரண்ட் கசியற அன்னைக்கு மட்டும் அத இழுத்துக்கிட்டு மண்ணுக்குள்ள போயிடும். ரெண்டு கம்பி ஒயர்ல இது கிடையாது. அதான் உங்க பொண்ணுக்குக் கை சுர்ருங்குது. ஆனா சுவத்து பிளக்குலயும் எர்த் இருக்கணும், பாக்கச் சொல்லுங்க."

"சும்மா இருக்கறதுல எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றேன். பாய் சிரிக்கவில்லை. அவரும் ஒருத்தர் வீட்டுக்காரர்தானே.

ஆறு மீட்டர் போதும் என்றார். சீருக்கு யாராவது ஆறு மீட்டர் வாங்குவார்களா? ஒற்றைப்படையில் இருபத்தொன்று வெட்டச் சொன்னேன். "இவ்வளவையும் சுருட்டின மேனிக்கு வெச்சு மெஷின ஓட்டிடாதீங்க. சூடு போக வழியில்லாம உருகிடும். தேவையான அளவு வெட்டிக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னார். கடைசியில், "உங்க வீட்டுக்கும் ஒண்ணு போடவா?" என்று கேட்டார். வியாபாரி இல்லையா, கேட்கத்தான் செய்வார். "எங்க வீட்ல எல்லாம் நல்லாருக்கு பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது எப்படிக் கொடுப்பது? அதற்கு வழி தானாகவே வந்தது. நேற்று மாலை சீர்த்தட்டுகளை அடுக்கி எண்ணினேன். வளையலே மூன்று தட்டு, பழம் ஐந்து, முறுக்கு, அதிரசம், பூ, சந்தனம், புடவை என்று எல்லாம் சேர்த்து இருபது வந்தது. சீர் இரட்டைப்படையில் போகலாமா? இன்னொரு தட்டு வேண்டும். பீரோவைத் திறந்தேன். ஒயர் என்னைப் பார்த்தது.

பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் சுருளை வைத்து, மஞ்சள் ரிப்பன் கட்டி, சுற்றிலும் மல்லிகைச் சரம் வைத்து, நடுவில் ஒரு தேங்காயை உட்காரவைத்தேன். இருபத்தொன்றாவது தட்டு. சீர் என்று கொடுத்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

இன்று காலை தெருமுனையிலிருந்து வரிசையாகத் தட்டெடுத்துப் போனோம். ஒயர்த் தட்டைத் தூக்க யாரும் முன்வராததால் நானே தூக்கினேன். அந்தத் தெருப் பெண்களுக்கு வாய் சும்மா இருக்குமா? ஒருத்தி சொன்னாள், "வளைகாப்புக்கு டஜன் டஜனா வளையல் கொண்டாருவாங்க. இவங்க ஒரே வளையலா கொண்டாந்துட்டாங்கடி!" இன்னொருத்தி, "யானைக்கா வளைகாப்பு?" என்றாள். நான் நேராகப் பார்த்தபடி நடந்தேன். கை வலி வேறு.

ராஜாமணி வாசலில் நின்று ஒவ்வொரு தட்டாக வாங்கினாள். என் தட்டு வந்ததும் நின்றாள். சுருளைப் பார்த்தாள், தேங்காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியிருக்கிறாள். "ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சுபாஷிணி மணையில் உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வெட்கம் போலிருக்கிறது.

அதோடு விட்டாளா? ஒரு சீர் வந்தால் என்ன செய்ய வேண்டும்? நாலு நாள் கூடத்தில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்ட வேண்டாமா? அப்புறம் பீரோவில் வைத்து, நல்ல நாள் பார்த்து எடுக்க வேண்டாமா? பந்தி முடிந்ததும் மைக்செட்காரரைக் கூப்பிட்டாள். "சாப்டாச்சா? இந்த ஒயர மெஷினுக்குப் போட்டுட்டுப் போயிடுங்க. ரொம்ப நாளா மாத்தணும்னு இருந்தேன்." அவர் கட்டிங் பிளேயரை எடுத்து நறுக்கென்று ஆறு மீட்டரை வெட்டினார். பட்டுப்புடவையில் கத்தரி வைத்த மாதிரி எனக்கு நெஞ்சில் பட்டது. அரைமணி நேரத்தில் பழைய ஒயர், பிளாஸ்திரியோடு குப்பைக்குப் போய்விட்டது. அவர் பிளக்கில் டெஸ்ட் பல்பு வைத்து, எர்த் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். சுபாஷிணி வெறுங்காலோடு போய் மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்கவே இல்லை. தடவிக்கொடுத்தாள்.

சந்தோஷம்தான். இல்லையென்று சொல்லவில்லை. என் காரியம் முடிந்தது.

கிளம்புகிற நேரம் வந்தது. சீர் வந்த தட்டை வெறுமனே திருப்ப மாட்டார்கள், உனக்கும் தெரியும். நாலு வெற்றிலையாவது வைத்துத்தான் அனுப்புவார்கள். மற்ற தட்டுகளில் எல்லாம் அப்படித்தான், வெற்றிலை, ஒரு சாத்துக்குடி. என் பித்தளைத் தாம்பாளம் மட்டும் துணி போட்டு மூடி வந்தது. தூக்கினால் தூக்க முடியவில்லை. துணியை விலக்கினேன்.

இதுதான் கண்ணு. இந்த ஒயர்தான்.

முதலில் என்னுடையதையே திருப்பிவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை, இது கருப்பு. அச்சடித்திருப்பதைப் படித்தேன், அதே மூன்று கோர், அதே இரண்டரை. கூடவே செருகியிருந்த பில்லைப் பார்த்தேன், இருபத்தைந்து மீட்டர். என்னுடையது இருபத்தொன்று. நாலு மீட்டர் கூட! தேதியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. நாலு நாளைக்கு முன்பே வாங்கி வைத்திருக்கிறாள். நானே ஒயரைச் சீராக வைப்பதென்று நேற்று மாலைதான் முடிவு செய்தேன். அதற்கு மூன்று நாள் முன்னாலேயே பதிலடி தயார். எவ்வளவு ஆழமான ஆள் பார்!

பஸ் ஏறியதும் முதல் வேலையாக நுனியைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக இருந்தால் நாளைக்கே போன் செய்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சிவப்பு. உள்ளே போகப் போகச் சிவப்பு. ஏமாற்றமாகிவிட்டது.

எதற்காக இப்படிச் செய்தாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்று சமையலறைக்கு வந்தாள், உடனே அந்த நீல வார் செருப்பை எடுத்துக் காலடியில் போட்டேன். "சமையக்கட்டுல எதுக்கு சம்பந்தி செருப்பு?" என்றாள். "பிரிட்ஜத் திறக்கறதுக்கு" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. தண்ணீர் வேண்டாம் என்று போய்விட்டாள். கிளம்புகிறவரை அந்தத் தீக்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக உபசரித்தால் சிலபேருக்குப் பிடிப்பதில்லை.

நான் என்ன முடிவு செய்திருக்கிறேன் என்றால், இதைப் பீரோவில் வைத்துவிடப் போகிறேன். பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், நாலு அந்துருண்டையோடு. கொடுத்தவள் யாராக இருந்தாலும் நல்ல ஒயர், சாதாரண நாளில் எடுக்க மனசு வராது.

இரு கண்ணு, போன். சுபாஷிணிதான்.

சொல்லுடி, வீட்டுக்குப் போயாச்சா? என்ன, உள்ள போகலையா? எங்க உக்காந்திருக்க? பக்கத்து வீட்டுலயா? ஏண்டி, ஆரத்தியெல்லாம் கரைச்சு வெச்சுட்டுத்தானே வந்தேன்? எலக்ட்ரீஷியனா? அவர் எதுக்கு நம்ம வாசல்ல நிக்கறாரு? அப்பா கூப்பிட்டாரா? நம்ம அப்பாவா? சரிடி, ஒயர் என்கிட்டதான் இருக்கு. பத்திரமா மடியில வெச்சிருக்கேன். அதுக்கும் நீ உள்ள போறதுக்கும் என்ன சம்பந்தம்? தாகமா இருந்தா பிரிட்ஜுல எலுமிச்சம்பழ ஜூஸ் இருக்கு, அந்தச் செருப்பப் போட்டுக்கிட்டு...

என்ன?

என்னடி கேட்ட?

...சரி. சரிடி. அழாத. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. ஏர்போர்ட் தாண்டிட்டோம். வந்துட்டேன். அந்த மனுஷர நிக்கச் சொல்லு.

வைத்துவிட்டாள்.

என்ன கேட்டாள் தெரியுமா கண்ணு? "செருப்பு எனக்கு இருக்கும்மா. நாளைக்குத் தவழ்ந்து வந்து பிரிட்ஜப் பிடிக்குமே, அந்தப் பிள்ளைக்கு எந்த நம்பர் செருப்பு வாங்கி வெச்சிருக்க?" என்று கேட்டாள்.

தவழுகிற பிள்ளை நாலு காலால் அல்லவா வரும். கையும் தரையில் இருக்கும். முட்டியும் இருக்கும். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் தவழுகிற பிள்ளை யாரும் இல்லை. அதனால் எனக்குத் தோன்றவே இல்லை.

கொஞ்சம் ஜன்னலைத் திற கண்ணு. காற்று வரட்டும்.

வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்திருக்கிறாள், இல்லையா. ம். கணக்கு டீச்சர்.

பீரோவெல்லாம் வேண்டாம். இன்றைக்கே வெட்டச் சொல்லிவிடுகிறேன். சுவரில் எர்த் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். சுருட்டி வைக்கக் கூடாது, அளவாக வெட்ட வேண்டும். பாய் என்னிடம் இரண்டு தடவை சொன்னார், நான் அந்த ஆளிடம் மூன்று தடவை சொல்வேன். மிச்சம் இருப்பதை ராஜாமணிக்கே கொடுத்தனுப்பலாமா என்றுகூடத் தோன்றுகிறது. வேண்டாம். திரும்பவும் தட்டு வெறுமனே வராது.

நான் இறங்குகிற டோல்கேட் வந்துவிட்டது. இந்தச் சுருளின் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடி, எழுந்துகொள்கிறேன். அப்படித்தான். கை கால் எல்லாம் மரத்துவிட்டது, நல்ல கனம்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த விருந்தாளிச் செருப்பு இனிமேல் சும்மாதான் கிடக்கும். நல்ல செருப்பு கண்ணு, சமையலறையைத் தாண்டினதே இல்லை. உன் கால் ஆறாம் நம்பர்தானே?